புள்ளியைத் தவறவிட்ட இரவு

தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் எத்தனை படங்களை ஓட்டினேன் என்று கேட்டால் ஓரளவு கணக்குச் சொல்லிவிடுவேன். எத்தனை படங்களைப் பார்த்தேன் என்று கேட்டால் விழிப்பேன். புரொஜெக்டர் அறையில் நிற்பவன் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்ப்பது கதைக்காக அல்ல. ஃபோகஸ் நழுவுகிறதா, வெளிச்சம் மங்குகிறதா, படம் மேலேறி நிற்கிறதா என்றுதான் பார்ப்பான். கதாநாயகி கதறி அழும்போது அவள் கண்ணிமை கூர்மையாகத் தெரிந்தால் எனக்குத் திருப்தி. அவள் ஏன் அழுகிறாள் என்பது கீழே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் பாடு.

அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. படம் பார்த்து மயங்குகிறவன் நல்ல ஆபரேட்டர் ஆக மாட்டான் என்று உதவிப் பையனிடம் அடிக்கடி சொல்வேன். எங்களுக்குப் படம் என்பது அடிக்கணக்கு. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், வினாடிக்கு 24 படங்கள். அதற்கு மேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் 2001 டிசம்பரில் வெளியானது. பெட்டி எங்களிடம் வந்து சேர்ந்தபோது நான் முதலில் பார்த்தது நீளத்தைத்தான். 178 நிமிடம். அதாவது 16,000 அடி. பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். இரண்டு காட்சிகளுக்கு நடுவே ரீவைண்ட் செய்து முடிப்பதற்குள் கை கழன்றுவிடும் என்று எரிச்சலாக இருந்தது. போஸ்டரைப் பார்த்தால் தாடிக் கிழவர், கூர்த் தொப்பி, கைத்தடி. மந்திரம், மாயம், மோதிரம் எல்லாம் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொல்லும் சமாச்சாரம் என்பது என் தீர்மானமான கருத்து.

புது பிரின்ட் வந்தால் முழுவதையும் விரலிடுக்கில் ஓடவிட்டுச் சோதிப்பது வழக்கம். ஓரம் கிழிந்திருக்கிறதா, துளைகள் சிதைந்திருக்கின்றனவா, ஒட்டுப் போட்ட இடம் உறுதியாக இருக்கிறதா என்று விரல்நுனியே சொல்லிவிடும். அப்படிப் பார்க்கும்போது ஒரு சட்டத்தை, அதாவது ஃபிலிமில் உள்ள ஒரு தனிப் படத்தை, விளக்கொளியில் தூக்கிப் பிடித்தேன். இது ஸ்கோப் படம், அதாவது அகலத்திரைப் படம். ஃபிலிமில் உருவங்கள் பக்கவாட்டில் பாதியாக நெருக்கப்பட்டு ஒட்டடைக்குச்சி போல இருக்கும். புரொஜெக்டரின் ஸ்கோப் லென்ஸ்தான் அவர்களை விரித்து மனிதர்களாக்கும். என் கையில் இருந்த துண்டில் எல்லோருமே நெட்டையர்கள். இந்தக் கதையே குள்ளர்களைப் பற்றியது என்று திரையில் ஓடவிட்ட பிறகுதான் தெரிந்தது.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கிழவர் ஒரு குதிரை வண்டியில் வருகிறார். அவர் பக்கத்தில் ஒரு குட்டி ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறான், கிழவரின் தோளுயரம்கூட இல்லை. குழந்தை நடிகனா என்றால் இல்லை, முகம் வாலிபனுடையது. இரண்டு தனித்தனிப் படங்களை ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒட்டு இருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. விளிம்பு நடுங்கும், நிழல் பொருந்தாது, ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் இல்லை. அடுத்த காட்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த காட்சியிலும் இல்லை.

ஒட்டு என்பது என் பிழைப்பு. எங்களிடம் இருந்தவை இரண்டு புரொஜெக்டர்கள். ஒரு ரீல் ஏறக்குறைய இருபது நிமிடம். ஒன்று முடியும் வினாடியில் அடுத்த இயந்திரம் தொடர்ந்தாக வேண்டும். ரீல் முடிவதற்குச் சுமார் எட்டு வினாடிக்கு முன் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே மோட்டாரைப் போட வேண்டும். முடியும் தறுவாயில் இன்னொரு புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் நான்கே சட்டங்கள், அதாவது ஆறில் ஒரு வினாடி. ரீல் மாறியதை எவரும் அறியாமல் படம் ஓட வேண்டும், அவ்வளவுதான் என் வேலையின் பெருமை. ஒட்டே தெரியாமல் ஒட்டுகிறவன் நான் என்று இருந்தவனை, எங்கோ நியூசிலாந்தில் உட்கார்ந்து இந்தப் படத்தை எடுத்த ஒருவர் தோற்கடித்துக்கொண்டிருந்தார்.

ஒட்டைத் தேடித்தான் பார்த்தேன். நேர் வரிசையில் அல்ல. அடுத்த ரீலைக் கோக்கும் நேரம் போகக் கிடைத்த துண்டுகளை மட்டும். முடிவை முதலில் பார்த்தேன், நடுவை மூன்று நாள் கழித்து. உரையாடலில் பாதி இயந்திர இரைச்சலில் போய்விடும். ஒரு நாள் சுரங்கத்துப் பாலத்தில் கிழவர் விழும் இடம் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வெளியே வெயிலுக்கு ஓடிவருகிறார்கள். பாறைகளில் ஆளுக்கொரு பக்கம் சரிந்து அழுகிறார்கள். சத்தமே இல்லை, மெலிதாக ஒரு பாட்டுக் குரல் மட்டும். சுவரில் இருந்த ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று குமிழைத் திருகிப் பார்த்தேன். கெடவில்லை. படமே அப்படித்தான். குமிழில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஆபரேட்டருக்கு இது நல்ல அறிகுறி அல்ல.

அதன்பின் ஒரு மாலைக் காட்சி. கிழவர் குட்டி ஆளின் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, திரும்பும்போது உத்தரத்தில் தலையை இடித்துக்கொள்கிறார். அந்த வீடு எவ்வளவு உயரம், கேமரா எங்கே நின்றிருக்கும், எந்த லென்ஸ் போட்டிருப்பார்கள் என்று மனத்துக்குள் அளந்துகொண்டே இருந்தேன். அந்தக் காட்சி போய் வேறு காட்சி வந்தும் நான் அந்த வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முதல் புள்ளி மின்னியிருக்க வேண்டும். இரண்டாவதும். ஃபிலிமின் வால் படபடவென்று சுழலும் சத்தத்தில்தான் விழித்தேன். திரை முழுக்க வெறும் வெள்ளை. கீழே விசில் பறந்தது.

சில வினாடிகள்தான். ஆனால் அந்த வெள்ளை எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது. முதலாளி படியேறி வந்து சொன்னதை இங்கே எழுத வேண்டாம். அவர் போன பிறகு உதவிப் பையன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, படமா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" இல்லை என்று சொன்னேன். அவனுக்கு நல்ல மனசு, நம்பியதுபோல நடந்துகொண்டான்.

படம் எடுத்த விதத்தைப் பின்னாளில் அதன் டிவிடியில் வந்த ஆவணப் படத்தில் பார்த்தேன். வண்டி விஷயத்தில் ஒட்டே கிடையாது! இருவரும் அருகருகே உட்காரவில்லை. குட்டி ஆளின் இருக்கை சில அடி பின்னால் தள்ளியிருந்தது. தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரியும் என்ற, சினிமாவைவிடப் பழைய உண்மை. கேமரா நகரும் இடங்களில் அதற்கு ஏற்றாற்போல மேசையின் ஒரு பகுதியையும் நடிகரையும் மேடையோடு நகர்த்தியிருக்கிறார்கள். வீட்டையே இரண்டு அளவில் கட்டியிருக்கிறார்கள், கிழவருக்குச் சிறியது, குட்டி ஆட்களுக்குப் பெரியது. கிழவராக நடித்த இயன் மெக்கெல்லன் உத்தரத்தில் இடித்துக்கொண்டது எழுதிவைத்தது அல்லவாம். தற்செயலாக நேர்ந்ததை இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அப்படியே வைத்துக்கொண்டார். என் தவறைத்தான் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஃபிலிம் போய் ஹார்ட் டிஸ்க் வந்தது. ரீல் இல்லை, கோப்பதில்லை, புள்ளியும் இல்லை. நானும் அந்த அறையை விட்டு இறங்கிவிட்டேன். அந்தப் படத்தை மட்டும் வீட்டில் அவ்வப்போது போடுவேன். இருக்கை எங்கே பின்னால் தள்ளியிருக்கிறது என்று இப்போது தெரியும் என்பதால், இந்த முறை பிடித்துவிடலாம் என்று சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். கிழவர் வண்டியை நிறுத்துகிறார். தாமதமாக வந்துவிட்டீர்கள் என்று குட்டி ஆள் மேட்டில் நின்று கையைக் கட்டிக்கொண்டு கடிந்துகொள்கிறான். இருவரும் முறைக்கிறார்கள், சிரிப்பு முட்டுகிறது, அவன் மேட்டிலிருந்து அவர் மேல் தாவிக் கட்டிக்கொள்கிறான். இருக்கை ஞாபகம் வரும்போது வண்டி ஊருக்குள் போய்விட்டிருக்கிறது.