148.5 இல்லை, 149.7

திருத்துறைப்பூண்டியில் உரக்கடை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் கொஞ்சம் சொலானா (சோல் என்ற கிரிப்டோ நாணயம்) வைத்திருக்கிறார். அவ்வப்போது அதை டாலர் மதிப்பை ஒட்டிய யூஎஸ்டிசி டோக்கனாக மாற்றுவார், விலை இறங்கினால் திரும்ப வாங்குவார். எக்ஸ்சேஞ்ச் எதுவும் இல்லை, வாலட்டிலிருந்து (போனில் உள்ள கிரிப்டோ பணப்பை) நேராகப் பூலுக்குத்தான், அதாவது இரண்டு டோக்கன்களைக் குவித்து வைத்து மாற்றிக் கொடுக்கும் பொதுக் கையிருப்புக்கு. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனைக் கணக்குதான். ஆடிட்டர் இந்த மாற்றங்களின் பட்டியலைக் கேட்டதும் அண்ணன் என்னிடம் வந்தார்.

அவர் அதிகம் பயன்படுத்தியது சொலானாவில் இயங்கும் ரேடியம் என்ற சேவையின் பழைய பூல்கள். அங்கே ஒரு ஸ்வாப் இன்ஸ்ட்ரக்ஷன் (டோக்கனை மாற்றச் சொல்லும் கட்டளை) 17 பைட்தான். முதல் பைட் 9 என்றால் "இவ்வளவு தருகிறேன், மாற்றிக் கொடு" என்று பொருள். அடுத்த 8 பைட் தரும் தொகை, கடைசி 8 பைட் பெறும் தொகை என்று எடுத்துக்கொண்டேன். எண்ணின் சிறிய பைட்தான் முதலில் வரும், அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும். அந்த எண்ணில் சோலுக்கு 9 தசம இடம், யூஎஸ்டிசிக்கு 6. இதைப் படிக்கும் புரோகிராமை ஒரே மாலையில் எழுதி முடித்து, பட்டியலை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் போன். "தம்பி, எனக்கு 149.7 வந்துச்சுன்னு வாலட்ல காட்டுது. உன் தாள்ல 148.5ன்னு இருக்கே?"

தப்பு என்னுடையது. அந்தக் கடைசி 8 பைட் பெற்ற தொகையே இல்லை. "இதற்குக் கீழே போனால் எனக்கு வேண்டாம்" என்று அண்ணனின் வாலட் வைத்த குறைந்தபட்சம். 150 வரும் என்று திரையில் காட்டி, ஒரு சதவீதம் விட்டுக்கொடுத்தால் 148.5. கேட்டதை வந்ததாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் வயல் கடைமடையில், முத்துப்பேட்டைப் பக்கம். கல்லணையில் இத்தனை கனஅடி திறந்தார்கள் என்று செய்தியில் வரும். அப்பா அதைக் கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் தலைப்புக்குப் போய்த் தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாற்றங்காலைப் பற்றிப் பேசுவார். நானும் இங்கே வாய்க்காலுக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த வாய்க்கால் இன்னர் இன்ஸ்ட்ரக்ஷனில், அதாவது ஒரு கட்டளை நடக்கும்போது அதற்குள் பிறக்கும் கட்டளைகளில், இருக்கிறது. ஸ்வாப் நடக்கும்போது ரேடியம், டோக்கன்களை அக்கவுண்ட் மாற்றிக் கொடுக்கும் டோக்கன் புரோகிராமை இரண்டு முறை கூப்பிடுகிறது. அண்ணனிடமிருந்து பூலுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர், பூலிலிருந்து அண்ணனுக்கு ஒன்று. இரண்டிலும் உள்ள தொகைதான் உண்மையில் கைமாறியது. ஆனால் சாதாரண டிரான்ஸ்ஃபரில் (முதல் பைட் 3) அது எந்த டோக்கன் என்ற விவரமே கிடையாது. எந்த அக்கவுண்டிலிருந்து எதற்கு, எவ்வளவு, அவ்வளவுதான். டோக்கன் எது என்பதை டிரான்சாக்ஷனோடு வரும் முன்னிருப்பு, பின்னிருப்புப் பட்டியலில் (ஒவ்வொரு அக்கவுண்டிலும் அதற்கு முன்பும் பின்பும் இருந்த தொகை) தேட வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். சோலை மாற்றும்போது வாலட் பெரும்பாலும் ஒரு தற்காலிக அக்கவுண்ட்டைத் திறந்து, அதே டிரான்சாக்ஷனிலேயே மூடிவிடுகிறது. முன்னிருப்பிலும் இருக்காது, பின்னிருப்பிலும் இருக்காது. இரண்டு நாள் இதிலேயே போனது. விடை டிரான்ஸ்ஃபரின் மறுமுனையில் இருந்தது. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே டோக்கன்தான் இருக்க முடியும். பூலின் அக்கவுண்ட் முன்பும் பின்பும் நிலையாக இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும். இது பிடிபட்ட இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நல்ல விலைக்காகப் பல பூல்களில் வழி தேடித் தரும் ஜூப்பிடர் சேவை வழியாகப் போனவற்றில் நடுவில் இரண்டு மூன்று பூல்கள் வந்தன. அண்ணன் கையை விட்டுப் போனதும் கைக்கு வந்ததும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகப் பட்டியலில் 6 வரிகள் இடித்தன. 17 பைட்டும் ஒழுங்காக இருக்கிறது, டிரான்ஸ்ஃபரைக் காணோம். பார்த்தால் தோல்வியடைந்த டிரான்சாக்ஷன்கள். விலை அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போனதால் நின்றுவிட்டன, கட்டணம் மட்டும் போயிருக்கிறது. அவற்றை ஸ்வாப் கணக்கிலிருந்து நீக்கி நேற்று இரவு அனுப்பினேன். காலையில் அண்ணன் கடை திறந்ததும் ஒவ்வொரு வரியாக போனோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.