ரொம்ப ஃப்ரீயாகச் சுத்தின டிஃபரன்ஷியல்

"அண்ணா, பாருங்க, என்ன ஃப்ரீயாச் சுத்துது!" என்று பட்டறைத் தம்பி டிஃபரன்ஷியலை, அதாவது கியர்பாக்ஸுக்குள் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கிற பாகத்தை, சுண்டிவிட்டுக் காட்டினான். பம்பரம் மாதிரி சுற்றியது. நானும் தலையாட்டிவிட்டு கியர்பாக்ஸை மூடச் சொன்னேன். தப்பு அங்கேதான்.

வண்டி 2004 கரோலா, அஞ்சு கியர் மேனுவல். ஆயில் சீல் ஒழுகி, ஆயில் குறைந்து, டிஃபரன்ஷியல் பேரிங் இரண்டும் புள்ளி புள்ளியாக அரித்துப் போயிருந்தன. புது பேரிங் போட்டேன். பேரிங்கின் வெளி வளையமான கப்புக்கு அடியில் இருந்த பழைய ஷிம்மையே, அந்தத் தகட்டு வளையத்தையே, துடைத்துத் திரும்ப வைத்தேன். பேரிங் நம்பர் அதேதானே என்கிற தைரியம். ஆனால் ஒரே நம்பர் பேரிங்குகளே உயரத்தில் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

600 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஓனர் திரும்பி வந்தார். "காலையில எடுக்கும்போது ஒண்ணுமில்லைங்க. அரை மணி நேரம் ஓடினா 60-ல ஊளையிடுது, ஆக்சிலரேட்டரை விட்டா சத்தம் மாறுது" என்றார். சூடானால்தான் வருகிறது என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கியர்பாக்ஸ் கேசிங் அலுமினியம், உள்ளே டிஃபரன்ஷியல் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு 60 டிகிரி ஏறினால் கேசிங் 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக விலகிவிடும். இந்த பேரிங்கை ஷிம் வைத்துக் கொஞ்சம் அழுத்தித்தான் மூட வேண்டும். ஆறியிருக்கும்போது கொடுத்த அந்த இறுக்கத்தில் அவ்வளவு போய்விடும். நான் கொடுத்ததே ஒன்றுமில்லை. சாய்வுப் பல் கியர் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் டிஃபரன்ஷியலைத் தள்ளும், அதனால்தான் சத்தம் மாறியது. அம்பாசடர் பின் ஆக்சிலில் பல் இடைவெளியையும் சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை, இறுக்கம் ஒன்றுதான். அதையும் விட்டிருக்கிறேன்!

சரி, மறுபடி இறக்கினோம். ரோலரும் கப்பும் நல்லவேளை தழும்பில்லாமல் இருந்தன. இந்த முறை அளந்தே மூடுவது என்று முடிவு. மற்ற இரண்டு ஷாஃப்டையும் வெளியே வைத்துவிட்டு டிஃபரன்ஷியலை மட்டும் போட்டு, கேசிங் போல்ட்டெல்லாம் டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக இறுக்கினேன். ஆயில் சீல் போடக் கூடாது, அதன் பிடிப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். பேரிங்குக்கு ஆயில் விட்டு, இரு பக்கமும் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினால்தான் ரோலர் தன் இடத்தில் போய் உட்காரும்.

அளக்கிற கருவிக்கு கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற குறுக்குப் பின்னைக் கவ்வுகிற மாதிரி வாய் வெட்டிய குழாய், அதன் தலையில் 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு கப்பி. கப்பியில் நூலைச் சுற்றி, பழைய பேப்பர்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தேன். முள் 600 கிராமிலேயே டிஃபரன்ஷியல் நகர்ந்துவிட்டது. ஆரம் 5 சென்டிமீட்டர், ஆக அதைச் சுற்ற வைக்கத் தேவைப்பட்ட முறுக்கு 3 கிலோ-சென்டிமீட்டர். புது பேரிங்குக்கு 8 முதல் 16 வரை வேண்டும், ஓடின பேரிங்குக்கு 5 முதல் 10. என்னுடையது இரண்டிலும் சேராத 600 கிலோமீட்டர் பேரிங். 10-ஐக் குறிவைத்தால் இரண்டு கணக்குக்கும் பொருந்தும்.

ஷிம் 0.05 மில்லிமீட்டர் படியில் கிடைக்கும். ஒரு படிக்கு 3, 4 கிலோ-சென்டிமீட்டர் ஏறும். கப்பைக் கழற்றி 0.10 தடிமன் கூட இருந்த ஷிம்மைப் போட்டு மூடினோம். தம்பியையே இழுக்கச் சொன்னேன்.

"அண்ணா, டைட்டா இருக்குதுங்க."

"இழு."

இரண்டு கிலோவைத் தொட்டதும் அசைந்தது. அப்புறம் ஒரே சீராக, திக்கல் இல்லாமல் வந்தது.

ஓனரோடு குன்னூர் வரை ஏறி இறங்கிப் பார்த்தேன், ஊளை இல்லை. ஷிம், ஆயில், லேத் கூலி எல்லாம் என் கணக்கு. அவரிடம் காசு வாங்கவில்லை, குன்னூரில் அவர் வாங்கிக் கொடுத்த டீ தவிர.