கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவிட்ச்

அப்பா ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. என் கோபம் இன்னும் தணியவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸில் வந்தது, நிமோனியாவுக்கு மருந்து ஏற்றியது எல்லாம் தடங்கலின்றி நடந்தன. சிகிச்சையைக் குறை சொல்ல மாட்டேன். என் ஆற்றாமை அவர் தலைக்கு மேல் எரிந்த விளக்கைப் பற்றியது.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, "ஏம்மா, இன்னும் மதியச் சாப்பாடு வரவில்லையே" என்றார். மாலையில் என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கியதால் கையைக் கட்டியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன்; கண்ணுக்கு நேர் மேலே வெள்ளை விளக்கு. இரவிலும் அணைப்பதில்லை என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள்.

"இது டெலிரியம், அதாவது நோயின்போது திடீரென வரும் மனக்குழப்பம். தொற்று, மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் இருட்டில்தான் நன்றாகச் சுரக்கும். இரவெல்லாம் கண்ணில் வெளிச்சம் பட்டால் உடம்புக்கு ராப்பகல் தெரியாமல் போகும்" என்றார் டியூட்டி டாக்டர். அப்படியானால் அணைக்கலாமே என்றேன். அது பராமரிப்புப் பிரிவின் வேலையாம்.

பராமரிப்புப் பிரிவில், ஹால் முழுவதற்கும் ஒரே சுவிட்ச்தான், அலுவலகக் கடிதம் வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில், சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் எழுதித் தர வேண்டும் என்றார் எழுத்தர். போட்டவன் தம்பி, அவன் கடலூருக்குத் திரும்பியிருந்தான். பஸ் பிடித்து வந்து எழுதிக் கொடுத்தான். வாங்கிப் படித்துவிட்டு, "இது எங்கள் பொறுப்பில்லை, நர்சிங் கண்காணிப்பாளரைப் பாருங்கள்" என்றார் அதே எழுத்தர். கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்தார். ஒரு நாள் வீண்.

கண்மறைப்புத் துணி மூன்று மருந்துக் கடைகளில் இல்லை. பஸ் நிலையம் அருகே பயணப் பை விற்கும் கடையில் கிடைத்தது. காவலாளி உள்ளே விடவில்லை.

அன்றிரவு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தேடியபோது, அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் கண்ணில் பட்டது. இரவில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைக்கும்படி அதிலேயே இருக்கிறது. காலை ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வந்த பெரிய டாக்டரிடம் அதைக் காட்டி, "சொன்னால் போதாது சார், கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்" என்றேன். இரவு 10 முதல் 5 வரை விளக்கைக் குறைக்கவும் என்று எழுதினார். அன்றிரவு மூத்த சிஸ்டர் மானிட்டர் ஸ்டாண்டை நகர்த்தி, கட்டிலுக்குப் பின்னால் இருந்த ஒரு சுவிட்சை அணைத்தார். அவ்வளவுதான்! அந்தக் கட்டிலுக்கென்றே தனி சுவிட்ச் அங்கே இருந்திருக்கிறது.

அப்பா நான்கு மணி நேரம் தூங்கினாராம். விளக்கை அணைத்ததால் மட்டுமே தெளிந்தார் என்று சொல்ல மாட்டேன், காய்ச்சலும் அன்றுதான் இறங்கியது. ஆனால் காலையில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.

உங்களுக்கு இந்த நிலை வந்தால் அலுவலகத்துக்கு அலையாதீர்கள், ரவுண்ட்ஸ் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். முழு இருட்டு கேட்காதீர்கள். ரத்தம் எடுக்க சிஸ்டர்களுக்கு வெளிச்சம் வேண்டும். கை கட்டியிருக்கும்போது கண்ணை மறைக்கவே கூடாது, நோயாளி மிரண்டுவிடுவார் என்று டாக்டர் எச்சரித்தார். கட்டை அவிழ்த்த பிறகுதான் துணியை அனுமதித்தார். பகலில் திரைச்சீலையைத் திறக்கச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொடுங்கள். அப்பாவுடையது மூன்று நாளாக என் கைப்பையிலேயே கிடந்தது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

வார்டுக்கு மாற்றிய அன்று பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகளுக்கு அந்த சுவிட்ச் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு வந்தேன். நேற்று படிக்கட்டில் பார்த்தேன். அவள் அம்மாவின் கேஸ் ஷீட்டில் இன்னும் எழுதவில்லையாம்.