எண்ணூருக்கு நடக்கப் போகிறேன்

"நடக்கப் போறதுக்கு எண்ணூரா? அங்க புகையும் சாம்பலும் தவிர என்ன இருக்கு?" என்று என் மாமியாரின் தங்கை கேட்டதும் கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மயிலாப்பூர்க்காரர். நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் கண்டபோது ரசம் வைத்து எடுத்துக்கொண்டு திருவொற்றியூர்வரை வந்தவர். அடையாறு ஆலமரத்துக்குப் போ, கிண்டிப் பூங்காவுக்குப் போ, கார் அனுப்புகிறேன் என்றும் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. நான் உடைந்து கிடந்த காலத்தில் என்னைத் தூக்கி நிறுத்திய இடத்தைப் பற்றியல்லவா இந்தச் சிரிப்பு.

கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவள் நான். 2019 நவம்பரில் எங்கள் ஊர் விமான நிலையமான பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் விட்டார்கள். "இனிப் பின்னேரத் தேத்தண்ணிக்கே வந்திடலாம் பிள்ளை" என்று அப்பா போனில் சொன்னபோது எவ்வளவு சந்தோஷம்! அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து அந்த விமானமும் நின்றது. 2021இல் அப்பா போய்விட்டார். விமானம் திரும்ப ஓடத் தொடங்கியது 2022 டிசம்பரில்.

செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தேன். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி என்னும் ஈமச்சடங்கு நடந்தபோது, தம்பி தண்ணீருக்குள் இறங்கும் நேரம் பார்த்துப் படம் உறைந்துபோனது. இங்கேயும் ஊரடங்கு. அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று முகக்கவசத்தோடு துக்கம் விசாரித்துப் போனார்கள். கட்டிப்பிடித்து அழ ஒரு சித்தி, ஒரு மச்சாள் இல்லாமல் துக்கம் எப்படித் தீரும்?

ஊரடங்கு தளர்ந்த பிறகு கீழ்வீட்டு அக்கா ஒருநாள் படியேறி வந்தார். "இன்னாம்மா, எப்பப் பாரு நாலு சுவத்துக்குள்ளயே குந்திக்கினு? வா, எங்கம்மா வூட்டாண்ட போய்ட்டு வரலாம்." அவருக்குப் பிறந்த வீடு தாழங்குப்பம். மின்சார ரயிலில் விம்கோ நகர், கத்திவாக்கம், அடுத்தது எண்ணூர். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கால்களில் மகனின் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் ஓடினேன். கன்டெய்னர் லாரிகளின் தூசியைத் தாண்டும்வரை என் மனதில் ஒன்றுமே இல்லை.

முகத்துவாரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். அகலமான, ஆழமில்லாத தண்ணீர். ஓரத்தில் கண்டல் மரங்கள், சேற்றில் ஈட்டியாய் மேலே நிற்கும் அவற்றின் வேர்கள். கூழைக்கடா ஒன்று ஆட்டம் அசைவில்லாமல் மிதந்தது. வலையுமில்லாமல் தூண்டிலுமில்லாமல், ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். எல்லாம் ஒரே பார்வையில்.

சின்னவயதில் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போவார். மீன் பிடிக்க நட்ட களங்கட்டித் தடிகளில் நீர்க்காகம் செட்டை விரித்துக் காயும். பூநாரை வந்திருக்கிறதா என்று கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்ப்பார். வந்திருந்தால் அன்று வீட்டில் அதே கதைதான். அம்மா புட்டவித்துக்கொண்டே "ஓம் ஓம்" என்பா. அந்த வாசம், அந்தச் சேற்றின் உப்பு வாசம், எண்ணூரில் என் மூக்கில் ஏறியதும் அழத் தொடங்கினேன். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அழுது முடிக்கும்வரை என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடை நிற்கவில்லை. நெட்டுக்குப்பம் போவோம், சில நாள் திருவொற்றியூர்க் கரையிலேயே, அரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல் ஓரமாகப் பட்டினத்தார் சமாதிவரை. தண்ணீர் ஏறும் நேரம் வற்றும் நேரம் பார்த்து இப்போது நானே நேரம் குறிக்கிறேன். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன், மற்ற நாள் ஆறு. நான் முழுத் திருவொற்றியூர்க்காரியாகிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் மார்கழி வாடை முகத்தில் அடித்தால் போதும், கால் இங்கே நிற்கும், நான் பண்ணையில் இருப்பேன்.

எனக்குத் தாங்காதது ஒன்றுதான். ஒன்றுமில்லாத இடம் என்று பேர் வைத்துவிட்டால் அங்கே எதையும் கொட்டலாம் என்றாகிவிடுகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் இறங்கி இறங்கி ஆறு மேடாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. கண்டல் மரங்கள் இடுப்புவரை கறுத்து நின்றன. நான் பார்த்துப் பழகிய வெள்ளைக் கூழைக்கடாக்கள் பழுப்பேறி, இறகு ஒட்டிப்போய்க் கரையில் குந்தியிருந்தன. படகில் போய் வாளியாலும் மக்காலும் அந்த எண்ணெயை அள்ளியது குப்பத்துப் பிள்ளைகள். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான் என்றார் அக்கா. கிட்டத்தட்ட ஏழு வருஷத்தில் வாளி மாறவில்லை. இதே எண்ணெய் அடையாற்று முகத்துவாரத்தில் மிதந்திருந்தால் ஊர் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்குமா? இதை மாமியாரின் தங்கையிடமும் சொன்னேன். சத்தமில்லாமல் கேட்டார். "அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார். போவோம்.

தையில் அம்மா வருகிறா, பலாலியிலிருந்து நேரே. "அங்க காலாற நடக்க ஒரு இடமிருக்கோ பிள்ளை?" என்று கேட்டா. அக்காவிடம் சொன்னேன். எண்ணூர் ரயிலுக்கு நேரம் பார்ப்பார் என்று நினைத்தால், சமையலுக்குப் போய்விட்டார். "உங்கம்மாவ அந்த யாழ்ப்பாணத் தூள மறக்காம எடுத்தாரச் சொல்லு. நண்டு நான் வாங்கியாரேன்."