அக்காவை எத்தனையாவதாக அடிக்க விடுவது?

பொல்லால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற எல்லே விளையாட்டில், அணிக்கு ஆள் எடுக்கும்போது எங்கள் ஊரில் முதலில் கேட்பது, "ஆர் தூரம் அடிப்பா?" என்பதுதான். பக்கத்து வளவு அக்கா தூரம் அடிக்கமாட்டார். அதனால் அவருடைய பெயர் கொப்பியில் எப்போதும் கடைசியில்தான் வரும். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம், வயல்களுக்கு நடுவே எங்கள் மைதானம். சிறுபோக அறுவடை முடிந்த பின்னேரங்களில் பெண்கள் விளையாடக் கூடுவோம். அந்த நாட்களில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று, அடிக்கிறவரின் முகத்துக்கு நேரே வீசும். நாங்கள் விளையாடும் டெனிஸ் பந்து பாரமில்லாதது. உயர்த்தி அடித்தால் காற்று மறித்து, நிற்கிறவர்களின் கையில் இறக்கிவிடும். நிலத்தில் விழமுன் பிடித்தால் அவுட். தூரம் அடிக்கிறவர்கள் பலர் இப்படித்தான் வெளியே போகிறார்கள்.

அக்கா பொல்லைத் தோளுக்கு மேல் தூக்குவதில்லை. அடிக்க மூன்று வாய்ப்பு உண்டு என்பதால் முதல் பந்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார். பந்து என்ன உயரத்தில் வருகிறது, எங்கே ஆள் குறைவு என்று பார்த்துக்கொள்வார். அடுத்த பந்து இரண்டு பேருக்கு நடுவால் நிலத்தோடு போகும்.

ஆனால் அவருடைய உண்மையான கெட்டித்தனம் ஓட்டத்தில்தான். அடித்தவர் ஓடுகிற சுற்றில், இடையில் நிற்கக்கூடிய இடங்களுக்கு இடையே சுமார் 55 மீற்றர். முழுச் சுற்றையும் ஒரே மூச்சில் ஓடி முடிப்பது லேசில்லை. ஓடும்போது பந்தால் எறிந்து பட்டாலும் அவுட். எங்கள் பிள்ளைகள் அடித்தவுடன் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார்கள். அக்கா பந்து யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஓடுவார். எறியக் கை பின்னால் போகும்போது ஓட்டத்தை ஒரு கணம் குறைப்பார். பந்து முன்னால் போய்விடும். நிற்க வேண்டிய இடத்தில் நின்றும் விடுவார். "ஆசைப்படாத பிள்ளை, பின்னால வாறவள் அடிப்பாள்" என்று எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். முழங்கால் நோவோடு இருக்கிற ஒருவர், ஓடித் திரிகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிடக் குறைவாக அவுட் ஆகிறார் என்றால் காரணம் இதுதான்.

பந்து தடுப்பதில் குறை இருக்கிறது. தலைக்கு மேலால் போகும் பந்துக்குப் பின்னால் திரும்பி ஓட அவரால் முடியாது. அதனால் வெளிக்கரையில் நிறுத்தக் கூடாது. கடைசித் திருப்பத்துக்குக் கிட்ட நிற்க விட்டால் நல்லது. அங்கே எட்டவுள்ள ஆளுக்கு எறிந்து பந்தை வீணாக்காமல், கிட்ட நிற்கிறவருக்குக் கொடுத்துவிடுவார். தானே எறிந்தால் தொடைக்குக் கீழேதான் எறிவார். குனிந்து தப்ப முடியாது.

சரி, அவரை எத்தனையாவதாக அடிக்க விடுவது? வேகமாக ஓடுகிற பிள்ளைகள் மூன்று பேரை முதலில் விட வேண்டும். அவர்கள் அங்கங்கே நின்றிருக்கும்போது தேவைப்படுவது உயர்ந்து போய்ப் பிடிபடும் அடி அல்ல, நிலத்தோடு நிச்சயமாகப் போகும் அடி. அதை எங்கள் அணியில் நம்பி எதிர்பார்க்கக்கூடியவர் அக்கா ஒருவர்தான். பெயர் எழுதுகிறவர்கள் இதை வாசித்தால், அடுத்த ஆட்டத்துக்கு அவரை நாலாவதாக எழுதுங்கள்.