பரங்கிமலைச் சிலுவையின் முன்

தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலையில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் இறங்கி, மலையடிவாரம் வரை நடந்தே சென்றேன். சுமார் 300 அடி உயரமுள்ள அந்தக் குன்றின் உச்சிக்கு வண்டிகள் செல்லும் சாலை இருந்தாலும், இயேசு சிலுவை சுமந்து சென்ற பாடுகளை நினைவூட்டும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் படிவழியில் இருப்பதால், படியேறுவதென்று வீட்டிலேயே தீர்மானித்திருந்தேன்.

என் தாயார் நோயில் கிடந்த கடைசி இரண்டு மாதங்களில், தம்பியோடு இருந்த பாகப்பிரிவினைச் சண்டையைக் காரணம் காட்டி, நான் ஊருக்குப் போகவில்லை. அடக்கத்திற்குத்தான் போய்ச் சேர்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் போன பிறகு யாரிடம் கேட்பது என்ற கேள்வியோடுதான் பல ஆண்டுகள், திருப்பலி வழிபாட்டில் கிறிஸ்துவின் உடலாகத் தரப்படும் நற்கருணையை வாங்காமல் கோயிலின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆண்டவர் மூன்றாம் முறை விழும் ஒன்பதாம் நிலையில், என் முன்னால் ஏறிக்கொண்டிருந்த முதிய பெண்மணி படியில் முழந்தாளிட்டு, முந்தானையால் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டு முத்தமிட்டார். என் அம்மாவும் அப்படித்தான் செய்வார். அங்கிருந்து மேலே ஏற எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

இயேசுவின் சீடர்களுள் ஒருவரான தோமா, அதாவது புனித தோமையார், உயிர்நீத்த இடமென்று மரபு போற்றும் மலை இது. உயிர்த்த ஆண்டவர் முதலில் வந்தபோது தோமா அங்கே இல்லை; மற்றவர்கள் சொன்னதையும் அவர் நம்பவில்லை. 8 நாளுக்குப் பிறகு ஆண்டவர் மீண்டும் வந்து, ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசுவதற்கு முன்பே தம் காயங்களை அவரிடம் நீட்டினார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. நம்பாமல் போன ஒருவருக்காக அவர் திரும்பி வந்ததை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு இளகிவிடும்.

கோயிலின் பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கும் கற்சிலுவை, 1547-இல் போர்த்துக்கீசியர் இங்கே நிலத்தைத் தோண்டியபோது கிடைத்தது. சிலுவையின் தலைக்கு மேல் ஒரு புறா இறங்குகிறது. சுற்றிலும் வளைவாகப் பழம் பாரசீகத்தின் பகலவி எழுத்துகள். அறிஞர்கள் தந்த வாசிப்புகளுள் ஒன்றின்படி, அதைச் செதுக்கிய அஃப்ராஸ் என்ற சிரியக்காரர், தம்மீது இரக்கம் வைக்குமாறு கிறிஸ்துவிடம் அங்கே வேண்டியிருக்கிறார். அவர் என்ன பாவம் செய்தார் என்று கல்லில் இல்லை. இரக்கம் கேட்டது மட்டும் இருக்கிறது.

திருப்பலிக்கு முன், குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அம்மாவின் கதையைச் சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்துபோனது. குருவானவர் காத்திருந்தார், பிறகு, "அம்மாவிடம் கேட்க முடியாததை ஆண்டவரிடம் கேட்டுவிட்டீர்கள். அவர் மன்னித்ததை நீங்கள் மறுபடி தோண்டி எடுக்காதீர்கள்" என்றார். பாவப்பொறுத்தலின் செபத்தைச் சொல்லி, ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறைந்த மந்திரமும் சொல்லச் சொன்னார். இவ்வளவுதானா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. இன்னும் கடுமையான தண்டனைக்கு நான் தயாராகவே வந்திருந்தேன்.

திருப்பலியில் நற்கருணை வாங்கிக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகு சிலுவையின் முன் முழந்தாளிட்டு, அஃப்ராஸின் வேண்டுதலையே சொன்னேன். அவர் பெயர் இருந்த இடத்தில் முதலில் என் பெயரையும், பிறகு தம்பியின் பெயரையும் வைத்துச் சொன்னேன்.