கடற்பஞ்சில் விழுந்த துளி

எங்கள் பள்ளி போடிங்கில், அதாவது விடுதியில், எங்களோடிருந்த அமெரிக்கப் பாதர் காலமான செய்தி வந்த இரவு, ரொறன்ரோவில் இருப்பவர்களும் லண்டனில் இருப்பவர்களும் போனில் அவருடைய அமெரிக்கத் தமிழைத்தான் பேசிக்காட்டிச் சிரித்தோம். மனதைச் சோதித்து முடிவெடுக்க அவர் சொல்லித்தந்த முறையை ஒருவரும் பேச்சில் எடுக்கவில்லை. அதை எழுதிவைக்கிறேன்.

இராச் செபத்துக்கும் விளக்கணைப்புக்கும் இடையிலான அந்தக் கால் மணி நேரம் போடிங்காரருக்கு மறந்திராது. அதுதான் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை. பாதிப் பேர் நித்திரை. நன்றி சொல்லல், ஒளி கேட்டல், விடிந்ததிலிருந்து மணிக்கு மணி திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான திருத்தம் என்று ஐந்து படி. பிழைப்பது மூன்றாவதில்தான், குற்றப் பட்டியல் போடத் தொடங்கிவிடுவோம். "பொலிஸ் என்ட்ரி வேண்டாம். எப்போது மனம் குளிர்ந்தது, எப்போது வறண்டது? அதைப் பார்" என்பார்.

1521இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை உடைக்க, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் படுக்கையில் கண்டுபிடித்ததும் இதுவே. வீரக் கனவும் இனித்தது, புனிதர்களைப் பற்றிய நினைப்பும் இனித்தது. முன்னது கலைந்தபின் மனம் காய்ந்துகிடந்தது. பின்னதன் இனிப்பு தங்கியது. அவர் சொன்னபடி, நன்மையில் வளர்கிறவனுக்கு, மனதை நன்மைக்குத் தூண்டும் நல்ல ஆவி கடற்பஞ்சில் துளி இறங்குவதுபோல் வரும், கெட்டது கல்லில் விழுந்து தெறிக்கும். தீமையில் போகிறவனுக்கு இது தலைகீழ். இந்த இரண்டாம் பாதியை மட்டும் நாம் வசதியாக மறந்தோம்.

ஏ.எல். (உயர்தர) வருடத் தியானத்தில், எந்த வழியில் போவது என்று தெரிவுசெய்யத் தாளும் பென்சிலும் வரும். தெரிவு இரண்டும் நல்லவையாக இருக்கவேண்டும். மனம் தராசு முள்போல் நடுவில் நிற்கவேண்டும். பிறகு நான்கு கட்டம்: ஏற்றால் நன்மை, தீமை, ஏற்காவிட்டால் நன்மை, தீமை. முள் முதலே சாய்ந்திருந்தால் கட்டங்கள் பொய் சொல்லும். மெடிசினுக்குப் பன்னிரண்டு நன்மை, தீமை பூச்சியம் என்றிருந்த ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, "தராசில் யாருடைய விரல்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. தாள் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும், விடுங்கள்.

கட்டங்களில் தெளியாவிட்டால் இன்னும் இரண்டு கேள்வி: முன்பின் கண்டிராத ஒருவன் இதே கேள்வியோடு வந்தால் அவனுக்கு என்ன சொல்வாய்? சாகும் நேரத்தில் எதைத் தெரிவுசெய்திருக்க விரும்புவாய்? முடிவுக்கு வந்தபின் அதைக் கடவுள் முன் வைத்துக் காத்திருக்கவேண்டும். அவசரக்காரர் விடுவது இந்தப் படியை.

அவர் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று: மனம் வறண்டிருக்கும்போது, தெளிவில் எடுத்த முடிவை மாற்றாதே. செபம் கசந்து எழும்பத் தோன்றினால் குறித்த நேரத்துக்கு மேலும் கொஞ்சம் இரு.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, நாட்டைவிட்டுப் போக நாம் எடுத்த முடிவுகள் எந்த மனதில் எடுத்தவை என்று இந்த மலரைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான்கு கட்டம் கீற யாருக்கு நேரமிருந்தது? உயிர் தப்பியதைப் பிழை என்று நான் சொல்லவும் மாட்டேன்.

பாதர் அங்கேயே இருந்தார். திரும்பிப் போக அவருக்கும் ஓர் ஊர் இருந்தது.